போரைத் தொழிற்சாலை எப்படி முடிவு செய்கிறது? இரண்டாம் உலகப் போரை வைத்து ஓர் எளிய விளக்கம்

1939 மார்ச்சில் ஜப்பானின் நகோயா நகரில் மிட்சுபிஷி தொழிற்சாலை ஒரு புதிய போர் விமானத்தைச் செய்து முடித்தது. பசிபிக் போரின் முதல் ஆண்டில் எதிரிகளை நடுங்கவைத்த ‘ஜீரோ’தான் அது. ஆனால் தொழிற்சாலையை ஒட்டி ஓடுதளம் இல்லை. சாலையும் மோசம். லாரியில் ஏற்றினால் குலுங்கிச் சேதமாகிவிடும் என்று விமானத்தைப் பிரித்து மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். 40 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ஓட்டிப்போய், ககாமிகஹாரா விமானத் தளத்தில் மறுபடி பூட்டிப் பறக்கவிட்டார்கள். போர் முற்றி, மாதம் நூற்றுக்கும் மேல் ஜீரோக்கள் தேவைப்பட்ட காலத்திலும் அதே சாலைதான், மாடும் குதிரையும் இழுத்த வண்டிகள்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய தொழிற்சாலையில் 1944-ல் மணிக்கு ஒரு பி-24 குண்டுவீச்சு விமானம் வெளியே வந்துகொண்டிருந்தது. நான்கு இன்ஜின் பூட்டிய பெரிய விமானம் அது. கட்டடத்தை ஒட்டியே ஓடுதளம் இருந்தது. செய்து முடித்த விமானம் நேரே அங்கே போய் நின்றது.

வடிவமைப்பில் ஜப்பானியர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஜீரோவே அதற்குச் சாட்சி. ஆனாலும் ஒரு நல்ல விமானத்தை வரைவதும், அதை ஆயிரக்கணக்கில் செய்து களத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒன்றில்லை. பெரிய போர்களின் முடிவை ரொம்பத் தூரத்துக்குத் தீர்மானிப்பது இரண்டாவது வேலைதான்.

கையிருப்பும் ஊற்றும்

போர் என்றதும் முதலில் எல்லோரும் கேட்பது “யாரிடம் எத்தனை டாங்கி, எத்தனை கப்பல்?” என்றுதான். குறுகிய போருக்கு அந்தக் கேள்வி சரி. ஆண்டுக்கணக்கில் நீளும் போருக்கு அது போதாது. கிணற்றில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் பாயும் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். மோட்டார் போட்டு இறைத்த பிறகு எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்றுதான் பார்ப்பார். போர் தொடங்கிய சில மாதங்களிலேயே ஆரம்பக் கையிருப்பு கரைந்துவிடும். அப்புறம் இரண்டே வேகங்கள்தான் கணக்கு: இழக்கும் வேகம், ஈடுகட்டும் வேகம்.

1942 ஜூனில் நடந்த மிட்வே சண்டையில் ஜப்பான் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அமெரிக்கா யார்க்டவுன் என்ற ஒரே ஒரு விமானந்தாங்கியை இழந்தது. போர் முடிவதற்குள் அமெரிக்கா எசெக்ஸ் வகையில் மட்டும் 17 பெரிய விமானந்தாங்கிகளைச் சேவையில் இறக்கியது. அது போக, ஹென்றி கைசர் என்ற தொழிலதிபரின் ஒரே ஒரு கப்பல் கட்டும் தளம் சுமார் ஓராண்டில் 50 சிறிய விமானந்தாங்கிகளைக் கட்டிக் கொடுத்தது. ஜப்பானால் மிட்வேக்குப் பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் பெரிய கப்பல்களை முடிக்க முடிந்தது. அவற்றில் சிலவற்றுக்கு ஏற்ற விமானமும் இல்லை, பயிற்சி பெற்ற விமானியும் இல்லை. மிட்வேயில் ஜப்பான் ஜெயித்திருந்தாலும் போர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நீண்டிருக்குமே தவிர, முடிவு மாறியிருக்காது என்பது என் கருத்து.

இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவர், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீதான தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோதான். அவர் ஹார்வர்டில் படித்தவர். வாஷிங்டனில் கடற்படைத் தூதுப் பணியிலும் இருந்தவர். அமெரிக்காவின் எண்ணெய்த் தொழிலையும் கார் தொழிலையும் அருகிலிருந்து கவனித்தவர். முதல் ஆறு மாதமோ ஓராண்டோ தன்னால் வெளுத்து வாங்க முடியும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்கு உறுதி சொல்ல முடியாது என்று பிரதமர் கொனோயேயிடம் சொல்லியிருந்தார். பேர்ல் ஹார்பர் நடந்தது 1941 டிசம்பரில். சரியாக ஆறு மாதத்தில் மிட்வே வந்துவிட்டது. போர் தொடங்கும்போது அமெரிக்காவின் எஃகு உற்பத்தி ஜப்பானுடையதைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

திறன் என்பது எங்கே இருக்கிறது?

எஃகும் பணமும் இருந்தால் ஆயுதம் வந்துவிடுமா? வராது. நடுவில் இயந்திரம் செய்யும் இயந்திரங்கள் வேண்டும். லேத், மில்லிங் மெஷின், பிரஸ், அச்சுகள், ஒவ்வொரு பாகத்தையும் ஒரே மாதிரி பிடித்து நிறுத்தும் தாங்கிகள் எல்லாம் வேண்டும். இவற்றைச் செய்யவும் ஆள் பழகவும் ஓராண்டு, இரண்டாண்டு பிடிக்கும். உற்பத்தித் திறனின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. வெளியே நிற்பவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உயிரே அதன் மெர்லின் இன்ஜின். செய்தது ரோல்ஸ் ராய்ஸ். போர் தொடங்கியதும் தேவை பல மடங்கு ஏறியது. பிரிட்டனில் இருந்த ஃபோர்டு நிறுவனத்தை மான்செஸ்டரில் அதே இன்ஜினைச் செய்யச் சொன்னார்கள். வரைபடங்களைப் பார்த்த ஃபோர்டு ஆட்கள், இந்த வரைபடங்களை வைத்து எங்களால் செய்ய முடியாது என்றார்கள். கார் செய்பவர்களுக்கு இவ்வளவு துல்லியம் கைவராது போலிருக்கிறது என்று ரோல்ஸ் ராய்ஸ் தரப்பு நினைத்தது. விஷயம் நேர் எதிராக இருந்தது. வரைபடத்தில் கொடுத்திருந்த டாலரன்ஸ், அதாவது ஒரு பாகம் சொன்ன அளவிலிருந்து எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு, ஃபோர்டுக்கு ரொம்பத் தளர்வாக இருந்தது.

காரணம் எளிது. ரோல்ஸ் ராய்ஸில் கைதேர்ந்த ஃபிட்டர்கள் இருந்தார்கள். ஒரு பாகம் கொஞ்சம் பெரிதாக வந்தால் அரத்தால் ராவிப் பொருத்திவிடுவார்கள். கார் தொழிற்சாலையில் ராவ நேரம் கிடையாது. குவியலிலிருந்து எந்த பிஸ்டனை எடுத்தாலும் எந்த சிலிண்டரிலும் அது போய் உட்கார வேண்டும். அதனால் ஃபோர்டு ஆட்கள் எல்லா வரைபடங்களையும் இறுக்கமான அளவுகளோடு திரும்ப வரைந்தார்கள். அதற்கே ஏறக்குறைய ஓராண்டு போனது. அதற்குப் பிறகு அந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் 30,000-க்கு மேல் மெர்லின்கள் வந்தன. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் இன்னொரு 55,000 செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டு பழகிய ஃபிட்டரின் கைத்திறனை அளவுகோலிலும் அச்சிலும் ஏற்றிவைத்ததால், முன்பு கடையிலும் வீட்டிலும் வேலை பார்த்த பெண்கள் சில வாரப் பயிற்சியில் அதே தரத்தில் பாகங்களைச் செய்தார்கள். பெருவாரி உற்பத்தியின் சூட்சுமம் இதுதான்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதை வில்லோ ரன்னும் காட்டுகிறது. 1941-ல் கட்டுமானம் தொடங்கியது. 1942 இறுதி வரை வந்த விமானங்கள் சொற்பம். “இது ஓடுமா?” என்று பத்திரிகைகளே கிண்டல் செய்தன. ஆட்கள் தங்க வீடு இல்லை, சேர்ந்தவர்கள் நிற்கவில்லை. விமானப் படை ஒவ்வொரு முறை வடிவமைப்பில் திருத்தம் சொன்னபோதும் கனமான எஃகு அச்சுகளை மாற்ற வேண்டியிருந்தது. மணிக்கு ஒரு விமானம் என்ற நிலை 1944-ல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் இதே கதைதான். ஆண்டுக்கு 50,000 விமானம் வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1940 மே மாதம் கேட்டபோது பலர் அதை வெறும் பேச்சு என்று நினைத்தார்கள். 1944-ல் அமெரிக்கா செய்தது 96,000-க்கு மேல். அந்த ஆண்டில் ஜெர்மனி சுமார் 40,000, ஜப்பான் சுமார் 28,000.

நடுவில் போன அந்த மூன்று நான்கு ஆண்டுகளை அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? இரண்டு பக்கமும் இருந்த சமுத்திரங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம், 1940-ல் தனியாக நின்று தாக்குப்பிடித்த பிரிட்டனும், 1941 முதல் ஜெர்மன் படையின் பெரும் பகுதியை ரத்தம் சிந்தித் தாங்கிய சோவியத் யூனியனும். தொழிற்சாலை தயாராகும் வரை யாரோ ஒருவர் களத்தில் செத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கைகளைப் பார்த்து வியக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கட்டுவது

தொழில் திறன் ஒரு போரின் கணக்கையே மாற்றியதற்கு லிபர்ட்டி கப்பல்களைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் ஆயுதமும் அட்லாண்டிக் வழியாகத்தான் வந்தன. ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் அந்தச் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்த நேச நாடுகள் கட்டும் வேகத்தைவிடத் தாங்கள் மூழ்கடிக்கும் வேகம் அதிகமாக இருந்தால் பிரிட்டன் மண்டியிடும் என்பது ஜெர்மன் கடற்படையின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. 1942-ல் அது பலிக்கும் போலத்தான் இருந்தது.

அமெரிக்கா அதற்குக் கொடுத்த பதில் ஓர் எளிமையான, மெதுவாகப் போகும், அழகில்லாத சரக்குக் கப்பல். முதல் லிபர்ட்டி கப்பலான பேட்ரிக் ஹென்றியைக் கட்ட சுமார் 8 மாதம் ஆனது. அப்புறம் முறையை மாற்றினார்கள். தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைப்பதற்குப் பதிலாக வெல்டிங். மொத்தக் கப்பலையும் ஒரே இடத்தில் கீழிருந்து மேலாகக் கட்டாமல், பெரிய பெரிய துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, கிரேனால் தூக்கிவைத்து ஒட்டினார்கள். இதில் முன்னால் நின்ற கைசர் அதற்கு முன் அணைகளும் சாலைகளும் கட்டியவர், கப்பல் தொழிலுக்குப் புதியவர். சராசரிக் காலம் ஆறு வாரம் அளவுக்கு இறங்கியது. 1942 நவம்பரில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பலை 5 நாளுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். அது நாட்டுக்கு உற்சாகம் ஊட்டச் செய்த ஒரு சாதனை முயற்சி, வழக்கமான வேகம் அல்ல. மொத்தம் 2,710 லிபர்ட்டி கப்பல்கள்.

1943-ல் கணக்கு தலைகீழானது. ஒரு பக்கம் ரேடாரும் நீண்டதூர விமானங்களும் நீர்மூழ்கிகளை விரட்டின. இன்னொரு பக்கம் கப்பல்கள் மூழ்குவதைவிட வேகமாகக் கடலில் இறங்கின. அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மன் அட்மிரல் டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கச் சொன்னார்.

அவசரத்துக்கு விலையும் இருந்தது. குளிர்ந்த கடலில் சில கப்பல்களின் உடல் விரிசல் விட்டது. சில இரண்டாகவே பிளந்தன. அந்தக் கால எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. ரிவெட் அடித்த தகட்டில் விரிசல் தகட்டு விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடலிலோ அது நிற்காமல் ஓடும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் உலோகவியலாளர் இந்தக் காரணத்தைக் கண்டறிந்தார். அதற்குள் பல கப்பல்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டன.

தண்டவாளத்தில் நகர்ந்த தொழிற்சாலைகள்

சோவியத் கதை இன்னும் கடுமையானது. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்தபோது சோவியத் தொழில்களில் பெரும் பங்கு படை வரும் பாதையிலேயே இருந்தது. ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் 1,500-க்கு மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைக் கழற்றி, ரயிலில் ஏற்றி, யூரல் மலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கொண்டுபோனார்கள். ஹார்கோவின் டாங்கி ஆலை நிஜ்னி தாகில் நகருக்குப் போனது. லெனின்கிராடின் கிரோவ் ஆலையின் பகுதிகள் செல்யாபின்ஸ்க் போய்ச் சேர்ந்தன. அந்த ஊருக்கு ‘டாங்கோகிராட்’, அதாவது டாங்கி நகரம் என்றே பெயர் வந்துவிட்டது. நிஜ்னி தாகிலில் அந்த டிசம்பரிலேயே முதல் டி-34 டாங்கிகள் வெளியே வந்தன.

அங்கே போன பிறகு அவர்கள் செய்த வேலையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. டி-34-ஐ அழகுபடுத்தவில்லை, எளிமையாக்கினார்கள். தேவையில்லாத பாகங்களை நீக்கினார்கள். ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது ரப்பர் பட்டை இல்லாத முழு எஃகுச் சக்கரம் மாட்டினார்கள். சத்தம் அதிகம், ஆனால் ஓடியது. கியேவிலிருந்து வந்த எவ்கெனி பாட்டன் என்ற பொறியாளர் உருவாக்கிய தானியங்கி வெல்டிங் முறையால், அனுபவமில்லாத பதின்வயதுப் பிள்ளைகளும் கவசத் தகடுகளை ஒட்ட முடிந்தது. ஒரு டி-34-ன் விலை 1941-ல் சுமார் 2,70,000 ரூபிள். அடுத்த ஆண்டே 2,00,000-க்குக் கீழே வந்தது. ஜெர்மனியின் டைகர் டாங்கி ஒன்றுக்கு ஒன்று நின்றால் டி-34-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் டைகர்-1 மொத்தம் 1,350 அளவில்தான் செய்யப்பட்டது. டி-34 போர்க்காலத்தில் 50,000-ஐத் தாண்டியது.

இவ்வளவும் சோவியத் மக்கள் தனியாகச் சாதித்தது என்றால் அது பாதி உண்மைதான். அமெரிக்கா ஏறக்குறைய 4,00,000 லாரிகளும் ஜீப்புகளும், 1,900 அளவில் ரயில் இன்ஜின்களும், உயர்தர விமான எரிபொருளும் அனுப்பியது. லாரியும் ரயில் இன்ஜினும் வெளியிலிருந்து வந்ததால்தான் சோவியத் ஆலைகள் டாங்கியிலேயே முழுக் கவனம் வைக்க முடிந்தது. 1943 நவம்பரில் டெஹ்ரானில் நடந்த விருந்தில், அந்த இயந்திரங்கள் இல்லாவிட்டால் இந்தப் போரில் தோற்றிருப்போம் என்று ஸ்டாலினே வெளிப்படையாகச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில், சோவியத் யூனியனுக்குள் நுழைந்த ஜெர்மன் படையோடு 6,00,000 குதிரைகள் சுமை இழுத்துப் போயின.

ஒரு கண்ணி அறுந்தால்

உற்பத்தி ஒரு சங்கிலி. அதன் பலம் அதில் மிக மெலிந்த கண்ணியின் பலம்தான். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் சண்டை விமான உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. ஒரே மாதத்தில் 3,000-க்கு மேல். ஆனால் அவற்றில் ஊற்ற எரிபொருள் இல்லை. ஜெர்மனி விமான பெட்ரோலை நிலக்கரியிலிருந்துதான் பெரிதும் எடுத்தது. அந்த ஆலைகளை நேச நாடுகள் மே மாதம் முதல் குண்டுவீசித் தாக்கின. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமான எரிபொருள் உற்பத்தி செப்டம்பரில் 5,000 டன் அளவுக்குச் சரிந்தது. புது விமானங்கள் தரையிலேயே நின்றன. புது விமானிகளுக்குப் போதிய பயிற்சி கொடுக்கவும் பெட்ரோல் இல்லை.

எந்தக் கண்ணி மெலிந்தது என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடாது. 1943-ல் ஷ்வைன்ஃபுர்ட் நகரின் பால்பேரிங் ஆலைகளைத் தாக்கினால் ஜெர்மன் இயந்திரங்கள் நின்றுவிடும் என்று அமெரிக்க விமானப் படை நம்பியது. அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களைப் பலிகொடுத்தது. ஜெர்மனி கையிருப்பை வைத்தும், ஸ்வீடனில் வாங்கியும் சமாளித்துவிட்டது.

அமெரிக்காவுக்கும் ஒரு மெலிந்த கண்ணி இருந்தது: ரப்பர். 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பானிடம் விழுந்ததும், அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. மலாயாத் தோட்டங்களில் அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அமெரிக்காவில் அப்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததற்கு முக்கியக் காரணம் டயர் தேயாமல் காப்பதுதான், பெட்ரோல் பற்றாக்குறை அல்ல. அமெரிக்க அரசு அவசரமாக ஆலைகள் கட்டி, 1944-ல் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் செய்தது. அறுந்த கண்ணியைப் புதிதாக வார்த்துக்கொள்ளும் வேதியியல் ஆலைகளும் எண்ணெயும் பொறியாளர்களும் அவர்களிடம் இருந்தார்கள்.

ஜப்பானின் மெலிந்த கண்ணி கப்பல். எண்ணெய் உள்ள தீவுகளைப் பிடித்தது சரி, அந்த எண்ணெயை ஜப்பானுக்குக் கொண்டுபோக வேண்டுமே? போர் தொடங்கும்போது அதன் வணிகக் கப்பல்கள் சுமார் 60 லட்சம் டன். முடியும்போது, நடுவில் புதிதாகக் கட்டியதையும் சேர்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். மூழ்கியவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளே மூழ்கடித்தவை. ஜப்பானால் ஈடுகட்டிக் கட்ட முடியவில்லை.

இந்தப் பற்றாக்குறை நம் மக்களின் உயிரையும் குடித்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகக் கடலில் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. அதற்கு மாற்றாகத்தான் 1942-43-ல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று நாம் சொல்வது அதைத்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூலி ஆசை காட்டியும் பலவந்தமாகப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் செத்தார்கள். கப்பலும் இயந்திரமும் இல்லாத இடத்தில் மனித உடம்பை எரிபொருளாக்கினார்கள். ஜெர்மனியும் இதையேதான் செய்தது. 1944-ல் அதன் ஆலைகளிலும் வயல்களிலும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் கட்டாயத்தின் பேரில். உற்பத்திப் புள்ளிவிவரம் எதைப் படித்தாலும் அதன் பின்னால் நின்று உழைத்தவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எப்போது இந்தக் கணக்கு பலிக்காது?

தொழிற்சாலை உள்ளவர் எப்போதும் ஜெயிப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1940-ல் பிரான்ஸிடம் நல்ல டாங்கிகளும் நல்ல ஆலைகளும் இருந்தன. ஆறு வாரத்தில் நாடே விழுந்தது, ஆலைகள் எதிரி கைக்குப் போயின. ஈடுகட்ட நேரம் கிடைத்தால்தான் திறனுக்கு மதிப்பு. வியட்நாமில் அமெரிக்காவின் உற்பத்திக்கு எதிரே வட வியட்நாம் ஒரு தூசு. ஆனால் அதன் ஆயுதங்கள் சீனாவிலும் சோவியத் யூனியனிலும் செய்யப்பட்டன. அந்த ஆலைகளை அமெரிக்காவால் தொட முடியாது. யார் எவ்வளவு காலம் இழப்பைத் தாங்கத் தயார் என்பதும் அங்கே முடிவைத் தீர்மானித்தது.

2022-ல் தொடங்கிய உக்ரைன் போர் இந்தப் பழைய கேள்வியை மறுபடி கொண்டுவந்தது. அதற்கு முன் அமெரிக்கா மாதத்துக்குச் செய்த 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் சுமார் 14,000. பெரிய சண்டை நாட்களில் அது சில நாளுக்குத்தான் காணும். ஓராண்டில் 10 லட்சம் குண்டு தருவோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உறுதி சொன்னது. கெடு முடிந்தபோது பாதிதான் தேறியது. மாதம் 1,00,000 என்று அமெரிக்கா வைத்த இலக்கும் தள்ளிப்போனது. பணம் ஒதுக்கியாகிவிட்டது, ஆனால் குண்டின் உள்ளே அடைக்க டிஎன்டி வெடிமருந்து வேண்டும். அமெரிக்கா தன் மண்ணில் டிஎன்டி செய்வதை 1986-லேயே நிறுத்தியிருந்தது, போலந்து போன்ற நாடுகளில்தான் வாங்கிக்கொண்டிருந்தது. கென்டக்கி மாநிலத்தில் புது டிஎன்டி ஆலை கட்டும் ஒப்பந்தம் 2024 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. அறிவித்த அன்று உக்ரைன் போருக்கு வயது இரண்டே முக்கால் ஆண்டு.